பவுலின் டீச்சரின் ஐந்து பூசணிகள்

பெங்களூர் காக்ஸ் டவுனில் பவுலின் டீச்சரைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் கணக்குப் பாடத்தில் தானாகவே தேறியவர் என்று அர்த்தம். மற்ற எல்லோரும் ஏதாவது ஒரு வருஷம் அவள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து அல்ஜீப்ரா போட்டுக் கண் கலங்கியவர்கள்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். கரும்பலகையில் வெறுங்கையால் அவள் ஒரு கோடு போட்டால், மேஜைமேல் கிடக்கும் ஸ்கேல் அதைப் பார்த்துத் தன்னை நிமிர்த்திக்கொள்ளும். விடை தப்பாக இருந்தால் மன்னித்துவிடுவாள். பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதிய சரியான விடையை மன்னிக்கவே மாட்டாள்.

அப்படிப்பட்டவள் தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆகஸ்டு தொடங்கி அக்டோபர் கடைசி வரை, தன் புருஷனை ஏமாற்றினாள். பாதியை எதிர் வீட்டு மாடியிலிருந்து நானே பார்த்தேன். மீதியை அவள் பிற்பாடு சொன்னாள். இதில் வரப்போகும் பெருச்சாளியின் அளவு மட்டும் என் பொறுப்பு.

அவள் புருஷன் ஓஸ்வால்ட் ஒரு துணி ஆலையில் தறிக்கூடத்து மேஸ்திரி. இருபத்தேழு வருஷம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவர். அவர் மனைவியின் காதில் ரகசியம் சொன்னால் ஈஸ்ட் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் தலை நிமிர்ந்து பார்ப்பார். தொண்ணூற்றாறில் ஆலையை மூடினார்கள். முதல் சில மாதங்கள் "திறந்துடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதையும் சொல்லவில்லை. வராந்தாவில் இருந்த பிரம்பு நாற்காலியில் காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்திருப்பார். வெளியே போனால் ஆளுக்கு ஆள், "ஆலை என்னாச்சு அண்ணா, செட்டில்மென்ட் என்னாச்சு" என்று கேட்கிறார்கள் என்று கடைக்குப் போவதை விட்டார். கோவிலுக்குப் போவதையும் விட்டார். அந்தப் பெரிய குரல் சின்னதாகிச் சின்னதாகி, "தண்ணி" என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் காதில் விழாத அளவுக்கு வந்துவிட்டது.

அவரோடு ஒரே தறிக்கூடத்தில் இருந்தவர் முனிகிருஷ்ணன். ஊரின் இன்னொரு பக்கம், அடுகோடியில் வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து வந்து, ஓஸ்வால்ட் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காருவார்; இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் டீ குடிப்பார்கள். தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் ஒரு நாள் காலை, பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போன முனிகிருஷ்ணன் ரயில் பாதைக்குப் போய்விட்டார். செய்தி வந்தபோது ஓஸ்வால்ட் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "போன வாரம் கூட டீயில சக்கரை கம்மின்னு சொன்னான்" என்றார். அவ்வளவுதான்.

பவுலின் வீட்டிலிருந்து ரயில் பாதைக்கு ஐந்து நிமிஷ நடை. அந்தப் பாதை அவள் பள்ளிக்கூடத்துக்குப் பின்புறமாகத்தான் போகிறது. அன்றிலிருந்து ரயில் கூவும் போதெல்லாம் கரும்பலகையில் அவள் சாக்பீஸ் நின்றுவிடும். ரயில் நிற்காமல் போய்விட்டால் மறுபடி எழுதுவாள். நடுவில் நின்றுவிட்டால் பெண்களிடம் "அடுத்த கணக்கப் போடுங்க" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போவாள்.

ஜூன் மாதம் ஒரு காற்று மழையில் அடுத்த வீட்டு மாமரத்துக் கிளை ஒடிந்து இவர்கள் முற்றத்தில் விழுந்தது. ஓஸ்வால்ட் எழுந்து, ரம்பம் தேடி எடுத்து, ஒரு மணி நேரம் அதை அறுத்து ஒதுக்கினார். முடித்துவிட்டுக் கிளை விழுந்த இடத்தைக் காலால் கீறிப் பார்த்து, "மண்ணு நல்லா இருக்குதே" என்றார்.

அந்த மூன்று வார்த்தையைப் பவுலின் பிடித்துக்கொண்டாள். மறுநாளே லால்பாக் போய் விதைப் பொட்டலங்கள் வாங்கி வந்துவிட்டாள்.

மண் நல்ல மண் இல்லை. வெள்ளைக்காரன் காலத்து வீடு அது. முற்றம் முழுக்கச் சுண்ணாம்பும் ஓட்டுச் சில்லும். இரண்டு அடி தோண்டியதில் ஒரு குதிரை லாடமும் ஒன்பது சோடா பாட்டிலும் ஒற்றைப் பூட்ஸும் வந்தன. இன்னும் ஒரு அடி தோண்டியிருந்தால் துரையே மீசையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்திருப்பார்.

வீட்டில் மூன்று பேர். மகள் ஷோபா அப்போது பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேருக்கும் தோட்டம் போடத் தெரியாது. பவுலின் கிராஃப் தாளில் முற்றத்தை வரைந்து, தக்காளிக்கு இத்தனை சென்டிமீட்டர், கத்தரிக்கும் மிளகாய்க்கும் இத்தனை, முள்ளங்கிக்கு இத்தனை என்று புள்ளி வைத்தாள். ஓஸ்வால்ட் பீன்ஸ் கொடிக்கு நூல் கட்டினார். தறியில் பாவு நூல் ஓடுகிற மாதிரி அவ்வளவு இறுக்கமாக, விரலால் சுண்டினால் வீணை வாசிக்கலாம். ஷோபா துணி துவைத்த தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினாள். காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், செடிக்கு வேறு எதை ஊற்றுவது. சோப்புத் தண்ணீரில் இலைகள் பளபளவென்று சுத்தமாகி, பிறகு பாதி செத்துப்போயின.

முள்ளங்கி இலை முழங்கால் உயரம் வளர்ந்தது. பிடுங்கினால் அடியில் எலி வால் மாதிரி ஒன்று இருந்தது. பீன்ஸை நத்தை தின்றது. நூக்கலைப் பெருச்சாளி தின்றது. அந்தப் பெருச்சாளி ஒரு நாள் மதிலைத் தாண்டும்போது மதில் குலுங்கியதை நான் பார்த்தேன். பக்கத்து வீட்டு நாய் அதைக் கண்டதும் எழுந்து நின்று வழி விட்டது. கொத்தமல்லி மட்டும் ஏதோ ஓரமாக வந்தது. குப்பைக் குழியில் தானாக முளைத்த ஒரு பூசணிக்கொடி, யாரையும் கேட்காமல் மதிலேறி, ஜன்னலைச் சுற்றியது; தபால்காரர் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அவர் சைக்கிளையும் பிடித்திருக்கும். ஆனால் பூ மட்டும்தான். காய் இல்லை. அதற்குக் காரணம் ஓஸ்வால்ட். சில பூக்களுக்கு அடியில் உருண்டையாக ஒரு வீக்கம் இருப்பதைப் பார்த்து, அது ஏதோ நோய் என்று முடிவு செய்து, தினமும் தேடித் தேடிக் கிள்ளிப் போட்டார். அந்த வீக்கம்தான் பிஞ்சு என்பது அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான்.

ஒவ்வொன்றும் பட்டுப்போகப் போக அவர் மறுபடியும் நாற்காலிப் பக்கம் போனார்.

"என் கையில ஒண்ணும் வராது பவுலி. விட்டுடு."

"மண்ணு சரியில்லங்க. உங்க கை என்ன பண்ணும்?"

"முனிகிருஷ்ணனும் வீட்ல ஒரு ரோஜா வச்சான். அதுவும் வரல."

ஆகஸ்டு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் இதைச் சொன்னார். சனிக்கிழமை காலை, அவர் குளிக்கப் போன நேரத்தில், பவுலின் கடையில் வாங்கிய மூன்று தக்காளியைப் பச்சை எம்பிராய்டரி நூலால் தக்காளிச் செடியில் கட்டினாள்.

அன்றைக்கு நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "பவுலி, பழுத்திருக்கு" என்று ஒரு குரல் கேட்டது. இரண்டு வருஷமாகக் கேட்காத தறிக்கூடத்துக் குரல். என் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது. அந்த மூன்று தக்காளியில் ரசம் வைத்தாள். ஓஸ்வால்ட் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எழுந்து போய் முகம் மழித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது. அடுத்த வாரம் நாலு கத்தரிக்காய். அதற்கடுத்த வாரம் ஒரு கை மிளகாய். ஷோபா ஒருநாள் நூலைப் பார்த்துவிட்டாள்.

"மம்மி, என்ன இது?"

"பேசாம இரு."

"ஸ்கூல்ல காப்பி அடிச்சா வெளிய நிக்க வைக்கிறீங்க."

"அப்பா இன்னிக்கு எத்தன இட்லி சாப்ட்டாரு பாத்தியா?"

"அஞ்சு."

"அப்ப பேசாம இரு."

செப்டம்பரில் எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை அறிவிப்பு வந்தது. அக்டோபர் கடைசி ஞாயிறு. வருஷா வருஷம் நடப்பதுதான். அவரவர் நிலத்தில் விளைந்ததில் முதல் பலனைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விட்டு, வரும் பணம் சபைக்கு. காக்ஸ் டவுனில் யாருக்கு நிலம் இருக்கிறது? எல்லோரும் முந்தின நாள் சந்திரம்மாவின் தள்ளுவண்டியில் காய் வாங்கி, கழுவித் துடைத்துக் கொண்டுபோய் வைப்போம். ஆண்டவருக்கும் அது தெரியும் என்று ஒரு சமாதானம்.

ஓஸ்வால்ட் அறிவிப்புச் சீட்டை இரண்டு தரம் படித்தார். "இந்த வருஷம் நாம வாங்கின காய் கொண்டுபோக வேணாம். நம்ம பூசணி காய்க்கட்டும். நானே எடுத்துட்டு வர்றேன்" என்றார். பதினான்கு மாதம் வாசல் கேட்டைத் தாண்டாத மனுஷன்.

பவுலினுக்கு ஒரு பூசணிக்காய் தேவைப்பட்டது. தக்காளி மாதிரி இதை ஒரே நாளில் தொங்கவிட முடியாது. அது வளர வேண்டும். அவள் சந்திரம்மாவிடம் போனாள். சந்திரம்மா ஹொசக்கோட்டே பக்கத்துக்காரி. தமிழில் விலை சொல்லிக் கன்னடத்தில் சண்டை போடுவாள்.

"சந்திரம்மா, பூசணிப் பிஞ்சு வேணும். ஆரஞ்சுப் பழம் அளவு."

"பிஞ்சா? அத என்னா பண்ணுவீங்க டீச்சரம்மா, ருசியே இருக்காது."

"நீ கொண்டு வா. அடுத்த வாரம் அதே நெறம், அதே உருண்டை, கொஞ்சம் பெரிசா ஒண்ணு. அதுக்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் பெரிசா."

சந்திரம்மா தராசை வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க அண்ணன் தோட்டத்துல பறிச்சுட்டு வர்றேன், ஆயித்து, சரி. ஆனா டீச்சரம்மா, உடம்பு நல்லாத்தானே இருக்குது?"

முதல் பூசணி மதிலுக்குக் கீழே, பெரிய இலைகளுக்கு அடியில், பச்சை நூல் கட்டோடு உட்கார்ந்தது. ஓஸ்வால்ட் அதைக் கண்டுபிடித்த காலையில் நான் டிகாஷன் இறங்கும் வரை காத்திருக்க முடியாமல் மாடிக்கு ஓடினேன். அவர் முழங்கால் போட்டுக் குனிந்திருந்தார். கையை நீட்டினார். பவுலின் பின்னாலிருந்து பாய்ந்து வந்தாள்.

"தொடாதீங்க. பிஞ்சை விரலால காட்டினாலே அழுகிடும்னு சொல்வாங்க. துணி போட்டு மூடி வைக்கணும். கண்ணுபடக் கூடாது."

"நீ இதெல்லாம் நம்ப மாட்டியே."

"பூசணி விஷயத்துல நம்பறேன்."

கண்ணேறு கழிப்பதை எல்லாம் மூடநம்பிக்கை என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த பவுலின், தன் புருஷனின் ஆலைச் சட்டையைக் கிழித்துப் பூசணிக்குப் போர்த்தினாள். அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். காட்டக் கூடாது என்பதற்காக முகவாயால் சுட்டி, "வளர்ந்திருக்குது பாரு" என்பார்.

வாரம் ஒருமுறை, அவர் குளியலறைக்குள் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும், தாயும் மகளும் ஓடுவார்கள். பழைய காயை அவிழ்த்து, புதிய காயைக் கட்டி, மண்ணைத் தடவி, சட்டையைப் போர்த்தி, கை கழுவி, அடுப்பங்கரையில் நிற்பார்கள். எல்லாம் நாலு சொம்பு நேரத்தில். பழைய காய் பவுலினின் பையில் பள்ளிக்கூடம் போகும். ஆசிரியைகள் அறையில் அந்த மாதம் பூசணிப் பொரியல், பூசணிக் கூட்டு, பூசணி அல்வா. சரித்திர டீச்சர் மஞ்சள் நிறமாகிக்கொண்டு வருகிறார் என்று பேச்சு. அதை முழுதாக நம்ப வேண்டாம்.

ஓஸ்வால்ட் இந்தப் பக்கம் மாறிக்கொண்டே வந்தார். கேட் வரைக்கும் வந்து நின்றார். என்னைப் பார்த்து, "மேலருந்து தெரியுதா? வலதுபக்க மூலையில" என்றார். "நல்லா தெரியுது" என்றேன். அது பொய் இல்லை. நான் பார்த்தது அவர் நினைத்ததைவிட நிறைய. பிறகு முனை வரை போய்ச் சவரக்கடையில் முடி வெட்டிக்கொண்டார். யாரோ ஆலையைப் பற்றிக் கேட்டபோது, "ஆலை கெடக்குது, எங்க வீட்ல பூசணி வந்து பாருங்க" என்றாராம்.

பவுலின் பள்ளிக்கூடத்தில் ரயில் கூவினாலும் எழுதிக்கொண்டே இருந்தாள். ஆனால் அவள் இளைத்தாள். ராத்திரி ஜெபத்தில் உட்கார்ந்தால் வாயே திறக்க வரவில்லை என்று பிற்பாடு சொன்னாள். "என்னன்னு சொல்லி ஜெபிக்கிறது? நாளைக்குப் பெரிய பூசணி கெடைக்கணும்னா?"

ஐந்தாவதுதான் கடைசி. பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் கட்டியது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய காய். அவசரத்தில் அதன் அடிப்பக்கத்தைப் பவுலின் பார்க்கவில்லை. அங்கே மூன்று கீறல்கள், ஆறித் தழும்பேறி இருந்தன.

ஓஸ்வால்ட் பார்த்தார். பவுலின் முந்திக்கொண்டு காயை அறுத்துக் கொடுத்த ஞாயிறு காலையில் கழுவும்போது பார்த்து, வீடே அதிரக் கூப்பிட்டார். "பவுலி, இங்க பாரு. பெருச்சாளி நகம். மூணு நகம் பதிஞ்சிருக்குது. கடிக்க வந்து கடிக்காம விட்டிருக்குது."

பவுலின் கீறலைப் பார்த்தாள். அது என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை. "ஆமாங்க" என்றாள்.

ஆலயத்தில் அவர் நுழைந்தபோது ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் பூசணி. பீடத்துக்கு முன்னால் வைத்த கேரட்டும் கோஸும் வாழைத்தாரும் எல்லாம் சந்திரம்மா வண்டிச் சரக்கு. அதன் நடுவில் தன் காயை வைத்துவிட்டு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். ஆராதனை முடியும் நேரத்தில் போதகர், ஆண்டவர் செய்த நன்மைக்கு யாராவது சாட்சி சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார். ஓஸ்வால்ட் எழுந்தார். பவுலின் பெண்கள் பக்கம் என் பக்கத்தில் இருந்தாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. மறுநாள் வரைக்கும் அந்த இடம் நீலமாக இருந்தது.

"ஒரு வருஷத்துக்கு மேலா நான் எங்கயும் வரல. உங்களுக்குத் தெரியும்" என்றார். மைக் தேவைப்படவில்லை. "என் கூட்டாளி ஒருத்தன் போனதுலருந்து எனக்கும் அதே நெனப்புத்தான். யார்கிட்டயும் சொன்னதில்ல. கையில எது எடுத்தாலும் வீணாப் போச்சு. அப்ப இந்தக் கொடி தானா மொளைச்சது. ஒரு காய் கொடுத்தது. பெருச்சாளி வந்து கை வச்சிருக்குது, நகம் பட்ட எடம் இருக்குது, நீங்களே வந்து பாக்கலாம். ஆனா ஆண்டவர் அதுக்கு மேல தொட விடல. அப்பத்தான் நெனச்சேன், என்னையும் தொட விடல போலருக்குதுன்னு."

சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. முன் வரிசையில் ஒரு பாட்டி கண்ணைத் துடைத்தாள். பவுலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே நெனப்புத்தான் என்று அவர் வாயாலேயே கேட்டுவிட்டாள் அல்லவா.

ஏலம் ஆலய முற்றத்தில். தனக்கோடி என்கிற கமிட்டி ஆள்தான் எப்போதும் கூவுவார். ஒரு எலுமிச்சம்பழத்தை யானை விலைக்கு விற்கக்கூடியவர். பூசணியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார்.

"பாத்துக்குங்க, ஓஸ்வால்ட் அண்ணன் வீட்டுப் பூசணி. பெருச்சாளியே பயந்த பூசணி. கேளுங்க, கேளுங்க."

சந்திரம்மாவும் கூட்டத்தில் இருந்தாள். வருஷா வருஷம் வருவாள். ஏலத்தில் மிஞ்சுகிற காயை மலிவாக எடுத்து மறுபடி வண்டியில் போட்டுக்கொள்வாள். சாட்சி சொன்னபோது அவள் உள்ளே இல்லை, வாசலில் வண்டியோடு இருந்தாள். தனக்கோடி நகம் பட்ட இடத்தைக் காட்டுவதற்காகக் காயைத் திருப்பியதும் அவள் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"பெருச்சாளி இல்ல சாமி, எங்க அண்ணன் போட்ட குறி அது. மண்டியில யார் காய்னு தெரியறதுக்கு, பிஞ்சா இருக்கும்போதே மூணு கோடு கீறி விட்டுடுவாங்க. டீச்சரம்மா கேட்டாங்கன்னு நான்தான் பறிச்சுட்டு வந்து கொடுத்தேன், புதவாரம், இந்தப் புதன்கெழம. நோடி, பாருங்க, கேளுங்க அவங்கள."

தனக்கோடி பூசணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் பவுலினைப் பார்த்தார்கள். ஓஸ்வால்ட் பார்த்தார்.

சந்திரம்மா ஏதோ மாற்றி நினைக்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டீச்சர் வார்த்தைக்கு முன்னால் காய்க்காரி வார்த்தை நிற்காது. நானே எழுந்து அப்படிச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். கதை கட்டுவது எனக்குப் புதிது இல்லையே.

"சந்திரம்மா சொல்றது சரிதான்" என்றாள் பவுலின். "நான்தான் வாங்கிக் கட்டினேன். அவருக்குத் தெரியாது."

ஓஸ்வால்ட் ஆலயக் கேட்டைத் திறந்துகொண்டு நடந்தார். பவுலினும் ஷோபாவும் பத்தடி பின்னால் நடந்தார்கள். வீட்டுக்குப் போய் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. தோட்டத்தின் நடுவில் நின்றார்.

"தக்காளி?"

"வாங்கினது."

"கத்தரிக்கா?"

"வாங்கினது."

"மொளகா?"

"அதுவும்."

"கொத்தமல்லி?"

"கொத்தமல்லி நீங்க போட்டது."

"சபையில அத்தன பேர் முன்னால என்னெல்லாம் சொன்னேன்" என்றார். மறுபடியும் அந்தச் சின்னக் குரல். உள்ளே போய்விட்டார்.

திங்கள், செவ்வாய், புதன். சாப்பாட்டுத் தட்டில் எந்தக் காய் இருந்தாலும் ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் சோறும் மோரும் சாப்பிட்டார். பவுலின் லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தாள். மன்னிப்புக் கேட்டாள். அவர் "ம்" என்றார். இதுவரை அவர் பேசாமல் இருந்தது ஒரு மாதிரி. இது வேறு மாதிரி என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றாள்.

வியாழக்கிழமை காலை அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. அறையில் இல்லை. குளியலறையில் இல்லை. கேட் திறந்து கிடந்தது. தூரத்தில் ரயில் கூவியது.

பவுலின் டீச்சர் ஓடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. செருப்பு இல்லை. முந்தானை ஒரு பக்கம். இதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மாடியிலிருந்து இறங்கி நானும் பின்னால் ஓடினேன். என் முழங்காலுக்கு முனை வரைதான் முடிந்தது. அவள் பாதை வரைக்கும் போனாள். ரயில் போய்விட்டிருந்தது. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் யாரும் இல்லை. ஆடு ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. பாதை ஓரமாகவே ஸ்டேஷன் வரைக்கும் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டு, காலில் ஜல்லி குத்திய ரத்தத்தோடு திரும்பி வந்தாள்.

மார்க்கெட் தெரு முனையில் சந்திரம்மாவின் வண்டி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஓஸ்வால்ட். கையில் துணிப்பை. ஒவ்வொரு வெண்டைக்காயாக எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். சந்திரம்மா பவுலினைப் பார்த்ததும் தராசில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அவர் திரும்பினார். அவள் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்க?"

"போடல."

"எங்க போய்ட்டு வர்றே?"

போன வாரத்துப் பவுலினாக இருந்தால் பால் வாங்கப் போனேன் என்றிருப்பாள். "ரயில் பாதைக்கு" என்றாள்.

ஒரு ஆட்டோ இருவருக்கும் நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"அந்தப் பூசணி எல்லாம் அதுக்குத்தானா?"

"அதுக்குத்தான்."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேக்கப் பயமா இருந்துச்சு."

ஓஸ்வால்ட் தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் தள்ளினார். அது அவளுக்கு இரண்டு மடங்கு பெரிசு. அதைத் தேய்த்துத் தேய்த்துக்கொண்டு அவள் நடக்க, வெறுங்காலில் அவர் ஓரமாக நடந்தார். பையை அவளிடம் கொடுக்கவில்லை. "இனிமே காய் நான்தான் வாங்குவேன். நீ வாங்கினா எது கடை, எது செடின்னு எனக்குத் தெரியாது" என்றார். அதைக் கோபத்தில்தான் சொன்னார். அந்தக் கோபம் தீர அவருக்கு வருஷக்கணக்காயிற்று. ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வீட்டில் பவுலின் பையைக் கவிழ்த்தாள். ஒன்றை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தாள். ஒடியவில்லை, வளைந்தது. இன்னொன்று. அதுவும் வளைந்தது. அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்லா இருக்குதுங்க என்பது அவள் நாக்கு வரை வந்துவிட்டது.

"முத்தல்" என்றாள். "எல்லாமே முத்தல். குழம்புக்குக்கூட ஆகாது."

ஓஸ்வால்ட் உள்ளே வந்து ஒரு காயை எடுத்து, தானும் வளைத்துப் பார்த்தார்.

"நாளைக்குப் பாத்து வாங்கறேன்" என்றார்.